வங்கிகளுக்குப் போன 50 கருவிகள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். தங்கள் தளத்தைத் தொடர்ந்து படித்து வருகிறேன். சிங்கப்பூரின் தஞ்சோங் பகாரில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தின் டெலக்ஸ் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சரக்குக் கட்டண விவரங்களைப் போட்டியாளர்களுக்குப் புரியாதபடி குறிச்சொற்களாக மாற்றி அனுப்பிய காலம் அது. மறைமொழியோடு எனக்கிருந்த தொடர்பு அவ்வளவுதான்.

கடலடிக் கம்பிவடங்களைப் பற்றிச் சென்ற மாதம் தாங்கள் எழுதிய கட்டுரையின் நடுவே, உலக நாடுகளுக்கெல்லாம் மறையாக்கக் கருவிகள் (செய்தியைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றித் தரும் பெட்டிகள்) விற்ற ஒரு சுவிஸ் நிறுவனம் உண்மையில் அமெரிக்க உளவுத்துறையின் சொத்தாக இருந்தது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். அந்த வரியை எங்கள் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்தேன். பெரிய வாக்குவாதமே மூண்டுவிட்டது. இது சினிமாக் கதை, நம்பாதீர்கள் என்றார் ஒருவர். இன்னொருவர் அதற்கு நேர்மாறாக, மறையாக்கம் என்பதே அமெரிக்கர்கள் செய்து கொடுத்ததுதான், அவர்களால் படிக்க முடியாதது எதுவுமில்லை, வாட்ஸ்அப்பில் தெரியும் பூட்டுப் படம் வெறும் கண்துடைப்பு என்றார். இணையப் பாதுகாப்புத் துறையில் வேலை செய்யும் என் மகனிடம் கேட்டால் சிரிக்கிறான். விளக்கத்தான் அவனுக்கு நேரமில்லை.

அந்தச் சுவிஸ் நிறுவனத்தின் கதை எந்த அளவுக்கு உண்மை? உண்மையென்றால், இன்று நாம் பயன்படுத்துபவை எல்லாமும் அப்படித்தான் பலவீனப்படுத்தப்பட்டிருக்கின்றனவா? எல்லாவற்றையும் வெளிநாட்டிலிருந்து வாங்கும் நம்மைப் போன்ற சின்ன நாட்டுக்கு என்ன வழி? சற்று விரிவாகவே எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன். என் பெயரை வெளியிட வேண்டாம்.

ஈசூன் வாசகர்

—

அன்புள்ள ஐயா,

வணக்கம். முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடலாம். அது நடந்ததுதான். அந்தச் சுவிஸ் நிறுவனத்தின் பெயர் கிரிப்டோ ஏஜி. அதன் விவகாரம் சந்தேகம் என்ற நிலையைத் தாண்டிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. 2020 பிப்ரவரியில் அமெரிக்காவின் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழும், ஜெர்மனியின் இசட்டிஎஃப் தொலைக்காட்சியும், சுவிட்சர்லாந்தின் எஸ்ஆர்எஃப் ஒலிபரப்பு நிறுவனமும் சேர்ந்து அதை வெளியிட்டன. அதற்கு அடிப்படையாக இருந்தவை, அமெரிக்க உளவுத்துறையான சிஐஏ தன் உள்பயன்பாட்டுக்கென்று 2004-இல் எழுதி முடித்த 96 பக்க வரலாறும், ஜெர்மன் உளவுத்துறையினர் 2008-இல் தொகுத்த வாய்மொழிப் பதிவுகளும் ஆகும். அதாவது, செய்தவர்களே எழுதி வைத்துக்கொண்ட கணக்கு அது. அந்த ஆண்டு நவம்பரில் சுவிஸ் நாடாளுமன்றக் குழுவும் விசாரித்து, தங்கள் நாட்டு உளவுத்துறைக்கே 1993 முதல் விஷயம் தெரிந்திருந்தது என்று அறிக்கை கொடுத்தது.

சுருக்கமாகச் சொன்னால் கதை இதுதான். போரிஸ் ஹாகெலின் என்ற ஸ்வீடன்காரர் கையால் சுழற்றி இயக்கும் மறையாக்கப் பொறி ஒன்றை வடிவமைத்திருந்தார். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கத் தரைப்படை அதை ஏறத்தாழ 1,40,000 எண்ணிக்கையில் செய்து பயன்படுத்தியது. போருக்குப் பிறகு அவர் சுவிட்சர்லாந்தின் சூக் மாநிலத்தில் தொழிலைத் தொடர்ந்தார். அமெரிக்க மறைமொழி நிபுணர் வில்லியம் ஃபிரீட்மன் அவருடைய நெருங்கிய நண்பர். எந்த நாட்டுக்கு வலுவான பொறி, எந்த நாட்டுக்கு வலுக்குறைந்த பொறி என்பது 1950களில் இவர்களுக்கிடையே எழுத்தில் இல்லாத உடன்பாடாக இருந்தது. மின்னணுக் கருவிகளின் காலம் வந்தபோது, 1967-இல் வெளிவந்த எச்-460 கருவியின் உள்ளமைப்பு முழுவதையும் என்எஸ்ஏ எனப்படும் அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையே வடிவமைத்துக் கொடுத்தது. 1970-இல் சிஐஏவும் மேற்கு ஜெர்மனியின் பிஎன்டி உளவுத்துறையும் 57.5 லட்சம் டாலருக்கு நிறுவனத்தையே ரகசியமாக வாங்கிக்கொண்டன. ஜெர்மானியர்கள் 1993-இல் விலகிக்கொண்டார்கள். அமெரிக்கர்கள் 2018 வரை விடவில்லை. இதற்கிடையே 120-க்கும் மேற்பட்ட நாடுகள் பணம் கொடுத்து அந்தக் கருவிகளை வாங்கின. இந்தியாவும் பாகிஸ்தானும் அந்தப் பட்டியலில் உண்டு. நம் அண்டை நாடுகளான மலேசியாவும் இந்தோனேசியாவும் உண்டு. சோவியத் யூனியனும் சீனாவும் கடைசிவரை வாங்கவில்லை.

கருவிகள் ஓடாமல் போகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். செய்தியை உள்ளே கொடுத்தால் குழம்பிய எழுத்துகளாகத்தான் வெளிவந்தது. ஆனால் முடிவில்லாமல் கலைந்து வருவதாகத் தோன்றிய அந்த எழுத்துகள், என்எஸ்ஏவின் கணினிகள் பிடித்துவிடும் அளவுக்குக் குறுகிய இடைவெளியில் தம்மைத் தாமே திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தன. வெளியுறவு அமைச்சில் கருவியின் முன் அமர்ந்திருந்த எழுத்தருக்கு அது தெரிய வழியே இல்லை.

நிறுவனத்துக்குள்ளேயே பெரும்பாலோருக்கு உண்மை தெரியாது. இந்த விவகாரத்தில் என்னை மிகவும் ஈர்த்தவர் 1978-இல் வேலைக்குச் சேர்ந்த மெங்கியா காஃப்லிஷ் என்ற மின்பொறியாளர். வானொலி வானியலில் பயிற்சி பெற்றவர். இவ்வளவு கூர்மையானவர் விஷயம் தெரியாமலே நீடிப்பது கடினம் என்று அவர் சேர்ந்தபோதே அமெரிக்கத் தரப்பு கவலைப்பட்டதாம். கவலை வீண்போகவில்லை. அவரும் சக ஊழியர் ஒருவரும் தங்கள் நிறுவனத்தின் கருவியையே ஆராய்ந்து, மூலச்செய்தியையும் மறைசெய்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெறும் 100 எழுத்துகளை ஒப்பிட்டாலே உடைத்துவிடலாம் என்று கண்டுகொண்டார்கள். பின்னர் அவரே ஒரு வலுவான அல்காரிதத்தை, அதாவது மறையாக்கும் கணக்கு முறையை, வடிவமைத்தார். மேலிடம் சுதாரிப்பதற்குள் எச்சி-740 வகைக் கருவிகளில் 50, அந்த நல்ல அல்காரிதத்தோடு தொழிற்சாலையை விட்டு வெளியே வந்துவிட்டன. மீதி உற்பத்திக்குப் பழைய ஓட்டை அல்காரிதத்தையே திரும்பப் பொருத்தினார்கள். அந்த 50 கருவிகள் அரசாங்கங்களின் கைக்குப் போய்விடக் கூடாது என்று அவற்றை வங்கிகளுக்கு விற்றுவிட்டார்கள். உழைத்துச் செய்த நல்ல பொருளைத் தொழிற்சாலையே ஒளித்து விற்க நேர்ந்த இந்த வினோதத்தை எந்தக் கதாசிரியரும் கற்பனை செய்திருக்க மாட்டார். சினிமாக் கதை என்று சொன்ன உங்கள் நண்பரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

ஆனால் உங்கள் மூன்றாவது கேள்வியை மனத்தில் வைத்துப் பார்த்தால், இதைவிட முக்கியமாக எனக்குப் படுவது வேறொன்று. வாங்கியவர்கள் ஏமாளிகளாகவே இருந்துவிடவில்லை. அவர்கள் சந்தேகப்பட்டார்கள். 1982-இல் ஃபாக்லாந்து போரில் தங்கள் செய்திகள் படிக்கப்பட்டுவிட்டன என்று அர்ஜென்டினா ஐயப்பட்டது. நிறுவனம் தன் கணித ஆலோசகரை புவனோஸ் ஐரிஸுக்கு அனுப்பி வைத்தது. உடைக்கப்பட்டது குரலைக் குழப்பும் பழைய கருவியாக இருக்கலாம், உங்களிடம் இருக்கும் முதன்மைக் கருவியை யாராலும் உடைக்க முடியாது என்று அவர் சொன்னார். அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள், மறுபடியும் வாங்கினார்கள். ஈரானின் கதை இன்னும் மோசம். 1992 மார்ச் மாதம் தெஹ்ரானில் ஹான்ஸ் பூலர் என்ற விற்பனையாளரைக் கைது செய்து ஒன்பது மாதம் சிறையில் வைத்து விசாரித்தார்கள். அந்த மனிதருக்கு உண்மையிலேயே எதுவும் தெரியாது. 10 லட்சம் டாலர் கொடுத்து அவரை மீட்ட நிறுவனம், சீக்கிரமே வேலையைவிட்டும் நீக்கியது. அவர் ஊடகங்களில் பேசத் தொடங்கியதும் சில நாடுகள் ஒப்பந்தங்களை நிறுத்தின. சிறையில் அடைத்து விசாரித்த ஈரானோ, சிஐஏவின் வரலாற்றின்படி, ஏறக்குறைய உடனேயே அதே நிறுவனத்திடம் மறுபடி வாங்கத் தொடங்கிவிட்டது.

ஏன் என்று யோசித்துப் பாருங்கள். கருவியைப் பிரித்து, அதன் கணக்கைப் போட்டுப் பார்த்து, இங்கேதான் ஓட்டை என்று சுட்டிக்காட்டக்கூடிய ஆள் அவர்களிடம் இல்லை. சோதிக்கத் தெரியாதவரின் சந்தேகம் கடைசியில் விளக்கம் கேட்டு விற்றவரின் வாசலுக்கே போகிறது. உங்கள் குழுவில் எல்லாமே உடைந்ததுதான் என்று சொல்லும் நண்பரும், கோபித்துக்கொள்ள மாட்டார் என்றால், ஈரானின் நிலையில்தான் இருக்கிறார். எல்லாவற்றின் மேலும் ஒரே அளவில் சந்தேகம் கொள்பவருக்கு எதையும் தவிர்க்கக் காரணம் கிடைப்பதில்லை. அவரும் அதே வாட்ஸ்அப்பில்தானே எழுதுகிறார்?

குறி தவறும் சந்தேகத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு, 1977-இல் அமெரிக்க அரசு தரமாக அறிவித்த டெஸ் என்னும் மறையாக்க முறை. ஐபிஎம் உருவாக்கிய அதில் என்எஸ்ஏ தலையிட்டிருந்தது. உள்ளே ஓர் எண்ணுக்குப் பதிலாக வேறோர் எண்ணை வைக்கும் அட்டவணைகளைக் காரணம் சொல்லாமல் மாற்றியிருந்தார்கள். அங்கேதான் ரகசிய வழி இருக்கிறது என்று உலகம் பல ஆண்டுகள் பேசியது. 1990-ஐ ஒட்டி இஸ்ரேலின் எலி பிகாமும் அடி ஷமீரும் ஒரு புதிய தாக்குதல் முறையை வெளியிட்டார்கள். அந்தத் தாக்குதலைத் தாங்கும்படியே டெஸ் அட்டவணைகள் அமைக்கப்பட்டிருந்தது அப்போதுதான் தெரியவந்தது. ஐபிஎம்மும் என்எஸ்ஏவும் அந்தத் தாக்குதலை 1974-லேயே அறிந்து வாயைத் திறக்காமல் இருந்திருக்கின்றன. ஆக, உலகமே ஐயப்பட்ட இடத்தில் அவர்கள் பலப்படுத்தியிருந்தார்கள். பலவீனப்படுத்திய இடமோ எல்லோர் கண் முன்னும் கிடந்தது. செய்தியைப் பூட்டித் திறக்கும் சாவியின் நீளத்தை 48 பிட்டாக (0, 1 என்னும் இலக்கங்கள் 48) குறைக்கும்படி என்எஸ்ஏ வற்புறுத்தி, பேரம் 56-இல் முடிந்தது. இது போதாது என்று மறைமொழி ஆய்வாளர்கள் விட்ஃபீல்ட் டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் அப்போதே எழுதினார்கள். 1998-இல் அமெரிக்கத் தன்னார்வ அமைப்பு ஒன்று இரண்டரை லட்சம் டாலருக்குள் ஒரு கணினியைக் கட்டி, 56 மணி நேரத்தில் டெஸ் சாவியைக் கண்டுபிடித்துக் காட்டியது. ஒரே முகமை ஒரே பொருளில் ஒரு பகுதியை வலுவாக்கி, இன்னொரு பகுதியை மெலியச் செய்திருக்கிறது. இதை ஒற்றை வரியில் அடக்க முடியாது என்பதால்தான் உங்கள் மகன் சிரிப்போடு நிறுத்திக்கொள்கிறார் என்று நினைக்கிறேன்.

நம் காலத்துக்கு வருவோம். மறையாக்கத்துக்கான சாவி என்பது ஓர் எண்தான். யாராலும் ஊகிக்க முடியாதபடி அந்த எண்ணை உருவாக்கித் தருவதற்குத் தனி நிரல் உண்டு. சாவி வெட்டித் தருபவரையே கையில் போட்டுக்கொண்டால் பூட்டோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. 2006-இல் அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட் பரிந்துரைத்த நான்கு எண் உருவாக்கிகளில் டூவல் இசி என்பதும் ஒன்று. மற்றவற்றைவிடப் பல மடங்கு மெதுவானது; அது ஏன் பட்டியலில் இருக்கிறது என்றே பலருக்குப் புரியவில்லை. அது ஒரு வளைகோட்டின் மேலுள்ள பி, கியூ என்னும் இரண்டு நிலையான புள்ளிகளை வைத்து இயங்குவது. அந்தப் புள்ளிகள் எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டன என்பதற்கு விளக்கம் தரப்படவில்லை. இரண்டு புள்ளிகளையும் இணைக்கும் ஓர் எண் இருந்தே தீரும். புள்ளிகளை மட்டும் பார்த்து அந்த எண்ணைக் கண்டுபிடிப்பது இன்றைய கணினிகளால் ஆகாது. ஆனால் எண்ணை முதலில் மனத்தில் வைத்துக்கொண்டு, அதிலிருந்து புள்ளியை உருவாக்கியவருக்கு அது தெரியும். அந்த எண் உருவாக்கி வெளியிடும் எண்களில் 32 பைட் அவர் கையில் அகப்பட்டால் போதும். அதன் பிறகு வரப்போகும் எண்கள் அத்தனையையும் சொல்லிவிடலாம்.

இதை 2007 ஆகஸ்டில் ஒரு மாநாட்டின் குறும்பேச்சு அமர்வில் மைக்ரோசாஃப்ட் ஊழியர்களான டான் ஷுமோவும் நீல்ஸ் ஃபெர்குசனும் சில படக்காட்சிகளில் காட்டினார்கள். நிஸ்ட் வேண்டுமென்றே ரகசியக் கதவு வைத்துவிட்டது என்று அவர்கள் குற்றம் சாட்டவில்லை. யார் அந்தப் புள்ளிகளைத் தேர்ந்தெடுத்தாரோ அவருக்கு இது முடியும் என்று மட்டுமே சொன்னார்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று சொல்கிறேன். ஷா-256 என்னும் வேறொரு அல்காரிதத்தையும் என்எஸ்ஏதான் வடிவமைத்தது. ஆனால் அதிலுள்ள மாறிலிகள் முதல் 64 பகா எண்களின் கனமூலங்களிலிருந்து எடுக்கப்பட்டவை. ஈசூனில் உட்கார்ந்து நீங்களே கணக்கிட்டுச் சரிபார்க்கலாம். செய்தவர் யார் என்பதைக் காட்டிலும் எண் எங்கிருந்து வந்தது என்று காட்டினாரா என்பதே எனக்குப் பெரிய கேள்வி.

2013 செப்டம்பரில், என்எஸ்ஏவின் முன்னாள் ஒப்பந்த ஊழியர் எட்வர்ட் ஸ்னோடன் வெளிக்கொணர்ந்த ஆவணங்களில், வணிக மறையாக்கப் பொருள்களின் வடிவமைப்பைத் தங்களுக்கு ஏற்ப வளைப்பதற்கென்று என்எஸ்ஏ ஆண்டுக்கு ஏறத்தாழ 25 கோடி டாலர் ஒதுக்கி வந்தது தெரியவந்தது. உடனே டூவல் இசியைப் பயன்படுத்த வேண்டாம் என்று நிஸ்ட் சொன்னது. 2014-இல் அதை நீக்குவதாகவும் அறிவித்தது. அதைத் தன் மென்பொருளில் இயல்புத் தேர்வாக வைக்கப் பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான ஆர்எஸ்ஏ ஒரு கோடி டாலர் பெற்றதாக ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. தெரிந்தே பலவீனத்தைப் புகுத்தவில்லை என்று ஆர்எஸ்ஏ மறுத்தது.

அடுத்து நடந்தது, இப்படி ஓட்டை வைப்பவர்கள் மறுபடி மறுபடி படிக்க வேண்டியது. ஜூனிப்பர் நிறுவனத்தின், வலையமைப்புகளைக் காவல் காக்கும் நெட்ஸ்கிரீன் ஃபயர்வால் கருவிகளும் டூவல் இசியைப் பயன்படுத்தின. கியூ புள்ளியை மட்டும் தங்களுடையதாக வைத்திருந்தார்கள். 2012-இல் யாரோ அந்த மென்பொருளுக்குள் நுழைந்து, வேறெதையும் தொடாமல், அந்த ஒரு புள்ளியை எடுத்துவிட்டுத் தங்கள் புள்ளியை வைத்துவிட்டார்கள். புதிதாகக் கதவு எதையும் அவர்கள் வெட்ட வேண்டியிருக்கவில்லை. பிறகு நிர்வாகியாக உள்ளே நுழைய ஒரு கடவுச்சொல்லும் சேர்க்கப்பட்டது. அந்தக் கடவுச்சொல், நிரலர்கள் பிழை தேடுவதற்காக எழுதி வைக்கும் சாதாரண வரியைப் போல வேடமிட்டிருந்ததால் படிப்பவர் கண்ணுக்கு உறுத்தவில்லை. 2015 டிசம்பரில்தான் நிறுவனம் கண்டுபிடித்து அறிவித்தது. நல்லவர்களுக்கு மட்டும் திறக்கும் ரகசியக் கதவு வேண்டும் என்று இன்றும் கேட்கும் அரசுகளுக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு இருக்க முடியாது என்பது என் கருத்து.

காவல்துறைகளும் துறைமுகங்களும் ரயில் நிறுவனங்களும் உலகெங்கும் பயன்படுத்தும் டெட்ரா வானொலித் தரத்தின் கதையும் இதே வகைதான். 1990களில் ஐரோப்பாவில் உருவான அதன் அல்காரிதங்கள் ரகசியமாக வைக்கப்பட்டிருந்தன. 2023-இல் நெதர்லாந்தைச் சேர்ந்த மூன்று ஆய்வாளர்கள் ஒரு வானொலிக் கருவியைப் பிரித்து அவற்றை வெளியே எடுத்தபோது, ஏற்றுமதிக்கான டிஇஏ1 அல்காரிதத்தில் 80 பிட் சாவி உள்ளே போனதும் 32 பிட்டாகச் சுருக்கப்படுவது தெரிந்தது. 80 பிட் என்றால் 1-க்குப் பின்னே 24 சுழியம் வரும் அளவுக்குச் சாத்தியங்கள்; 32 பிட் என்றால் சுமார் 430 கோடி. ஒரு மடிக்கணினி ஒரு நிமிடத்துக்குள் அத்தனையையும் முயன்று பார்த்துவிடும். ஏற்றுமதிக் கட்டுப்பாடுகளுக்கு ஏற்ப வடிவமைத்தோம், இது ரகசியக் கதவு ஆகாது என்றது தரத்தை வெளியிட்ட அமைப்பு. 80 என்று எழுதி 32-ஐக் கொடுத்துவிட்டு, அதை வாங்கியவரிடம் சொல்லாமல் விட்டதை வேறு எப்படி அழைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அப்படியானால் எல்லாமே பலவீனமானவைதானா? நான் அப்படி நினைக்கவில்லை. மேலே சொன்னவையே அதற்குச் சான்று. கணிதத்தையே உடைக்க முடிந்தவர்கள் நிறுவனத்தை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. தரநிர்ணயக் குழுக்களில் உட்கார்ந்து மெதுவான எண் உருவாக்கிக்காக வாதாட வேண்டியதில்லை. ஆண்டுக்கு 25 கோடி டாலர் செலவிட வேண்டியதில்லை. அந்த ஆவணங்களை வெளிக்கொணர்ந்த ஸ்னோடனே, சரியாகச் செயல்படுத்திய வலுவான மறையாக்கத்தை நம்பலாம் என்றுதான் 2013-இல் வாசகர் கேள்விக்குப் பதில் சொன்னார். இன்று வங்கிப் பரிமாற்றத்தில் இருந்து கைத்தொலைபேசி வரை பரவியிருக்கும் ஏஇஎஸ் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். டெஸ் பட்ட பாட்டுக்குப் பிறகு அமெரிக்கா 1997-இல் திறந்த போட்டி அறிவித்தது. உலகெங்கிலுமிருந்து வந்த 15 முறைகளை எல்லோரும் பகிரங்கமாகத் தாக்கிப் பார்த்தார்கள். வென்றது யோவான் டேமன், வின்சென்ட் ரைமன் என்ற இரண்டு பெல்ஜியர்களின் வடிவமைப்பு. இத்தனை ஆண்டுகளாக உலகமே மோதிப் பார்த்தும் அதன் அடித்தளம் அசையவில்லை. மறையாக்கம் எல்லாம் அமெரிக்கர்கள் செய்து கொடுத்தது என்ற உங்கள் நண்பரின் வாதமும் இங்கே அடிபட்டுப் போகிறது.

இனி நம் நாடு. இங்கே இந்தப் பேச்சு எழுந்தாலே அது சீனக் கருவியா, மேற்கத்தியக் கருவியா என்பதிலேயே சுற்றி நின்றுவிடுகிறது. 2020-இல் 5ஜி கட்டமைப்புக்கு சிங்டெல் எரிக்சனையும், ஸ்டார்ஹப்பும் எம்1-உம் நோக்கியாவையும் தேர்ந்தெடுத்தபோதும் காப்பிக் கடைகளில் அதைத்தான் பேசினார்கள். பெட்டி எந்த நாட்டில் செய்யப்பட்டது என்பது தேவையற்ற கேள்வி என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது பாதிக் கேள்விதான். 2014-இல் வெளியான என்எஸ்ஏ ஆவணத்தில் ஒரு புகைப்படம் இருக்கிறது. வெளிநாட்டு வாடிக்கையாளருக்குப் போய்க்கொண்டிருந்த சிஸ்கோ கருவிப் பெட்டியை ஊழியர்கள் மேசைமேல் வைத்து, அட்டை கிழியாமல் மெல்லத் திறந்துகொண்டிருக்கிறார்கள். உள்ளே வேண்டியதைப் பொருத்திவிட்டுத் திரும்ப மூடி அனுப்பிவிடுவார்கள். செய்த நிறுவனம் நேர்மையாக இருந்தும் பயனில்லை. மறுபக்கம், 2025 ஜூலையில் யுஎன்சி3886 என்ற இணைய ஊடுருவல் குழு நம் முக்கிய உள்கட்டமைப்புகளைத் தாக்கி வருவதாக அமைச்சர் கா. சண்முகம் அறிவித்தாரே, சீனத் தொடர்புடையதென்று பாதுகாப்பு ஆய்வாளர்கள் சொல்லும் அந்தக் குழு அதே ஆண்டில் வேறு இடங்களில் ஜூனிப்பர் ரௌட்டர்களுக்குள் ரகசிய நிரல்களைப் பதுக்கியது தெரியவந்திருந்தது. அந்த ரௌட்டர்கள் அமெரிக்கத் தயாரிப்புகள்.

சிம் லிம் சதுக்கத்தில் வீட்டு வைஃபை ரௌட்டர் வாங்கினால் பெட்டியில் இணையப் பாதுகாப்பு முத்திரை ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 2020-இல் தொடங்கிய திட்டம் அது. நான்கு நிலைகள் உண்டு. வைஃபை ரௌட்டர்களுக்கு 2021-இல் குறைந்தது முதல் நிலையாவது கட்டாயமாக்கப்பட்டது. எல்லாப் பெட்டிக்கும் ஒரே கடவுச்சொல் வைத்து விற்பது போன்ற அசட்டையை அது ஒழிக்கிறது. அந்த அளவில் நல்ல திட்டம். ஆனால் டூவல் இசி போன்ற ஒன்றை முத்திரை கண்டுபிடிக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. டூவல் இசியைக் கொண்டிருந்த பொருள்கள் அமெரிக்க அரசின் சான்றிதழையே பெற்று விற்பனையாயின. தரத்தின்படி செய்திருக்கிறதா என்று பார்ப்பது சான்றிதழின் வேலை. தரமே கோணலாக இருந்தால் கோணலைத் துல்லியமாகப் பின்பற்றிய பொருளுக்கும் சான்று கிடைக்கும்.

டூவல் இசியை, டெட்ராவை, காஃப்லிஷ் உடைத்த கருவியை எல்லாம் கண்டுபிடித்தவர்கள் யார் என்று பாருங்கள். சான்றிதழ் அலுவலகம் எதுவும் கண்டுபிடிக்கவில்லை. பொருளைப் பிரித்துக் கணக்குப் போட்டுப் பார்க்கும் திறமும், கண்டதை வெளியே சொல்லும் துணிவும் வாய்த்த இருவரோ மூவரோதான் ஒவ்வொரு முறையும் கண்டுபிடித்திருக்கிறார்கள். நாட்டின் பரப்பளவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. என்எஸ்ஏ வடிவமைத்த ஷா-1 என்ற பழைய முறையின் மேல் மிகக் கடுமையான தாக்குதல் ஒன்று 2020 ஜனவரியில் வெளியானது. 900 வரைகலைச் செயலிகளை இரண்டு மாதம் ஓட்டிச் செய்த அந்த வேலையை வெளியிட்ட இருவரில் ஒருவர் பிரான்சில் இருந்தார். மற்றவர் நம் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இருந்தார். அப்படிப்பட்டவர்களுக்குச் சம்பளமும் கருவியும் கொடுத்து, வாங்கும் பொருளைக் கையெழுத்திடும் முன்பே அவர்கள் மேசைக்கு அனுப்பி, அவர்கள் கண்டதை வெளியிடவும் விட்டுவிட்டால், புவனோஸ் ஐரிஸ் அதிகாரிகள் விற்றவரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்ட நிலை இங்கே வராது. வெளியிட விடுவதில்தான் எல்லா அரசுகளுக்கும் கை நடுங்குகிறது.

கடைசியாக, உங்கள் கைத்தொலைபேசி. வாட்ஸ்அப் 2016 ஏப்ரல் முதல் எல்லாப் பயனாளர்களுக்கும் முழு மறையாக்கத்தை, அதாவது அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறு யாரும் படிக்க முடியாத பாதுகாப்பை, கொடுத்து வருகிறது. அது பயன்படுத்தும் சிக்னல் நெறிமுறை வெளிப்படையானது. கல்வியாளர்கள் பலர் அலசிப் பார்த்தது. வாட்ஸ்அப் செயலியின் நிரல் அப்படித் திறந்து வைக்கப்பட்டதல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். யார் யாரோடு எப்போது பேசினார்கள் என்ற விவரத்தை அந்த மறையாக்கம் மறைப்பதுமில்லை. இவற்றைவிட நடைமுறையில் பெரிய ஓட்டை ஒன்று நம் கையிலேயே இருக்கிறது. உரையாடல்களின் காப்புப் பிரதி கூகல் டிரைவுக்கோ ஐகிளவுடுக்கோ போகும்போது, நாம் தனியாக இயக்கிக்கொண்டாலன்றி முழு மறையாக்கம் அதற்கு இல்லை. மேகக் கணினியில் கிடக்கும் பிரதிகளின் மேல்தான் இப்போது அரசுகளுக்குக் கண். 2025 பிப்ரவரியில் பிரிட்டிஷ் அரசின் உத்தரவுக்குப் பின் ஆப்பிள் தன் கூடுதல் மறையாக்க வசதியை அந்நாட்டில் விலக்கிக்கொண்டது நினைவிருக்கலாம். வாட்ஸ்அப் அமைப்புகளில் உரையாடல் காப்புப் பிரதிப் பகுதிக்குள் சென்றால், 2021 முதல் கிடைக்கும் முழு மறையாக்க வசதி அங்கே இருக்கும். மகன் வீட்டில் இருக்கும் ஒரு மாலையில் அவரை உட்காரவைத்து அதை இயக்கிக்கொள்ளுங்கள். அதற்குக் கொடுக்கும் கடவுச்சொல்லை மறந்துவிட்டால் வாட்ஸ்அப் நிறுவனத்தாலும் மீட்டுத் தர முடியாது. அதனால் ஒரு தாளில் எழுதி மத்திய சேம நிதிக் கடிதங்கள் இருக்கும் கோப்பில் வைத்துவிடுங்கள். பூட்டுப் படம் கண்துடைப்பு என்று சொன்ன நண்பரிடமும் இதைச் செய்யச் சொல்லுங்கள்.

அன்புடன்.